கிளட்ச் இறுக்கம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோளாறு: கிளட்ச் இறுக்கம்.

மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்த காலத்தில், ஷிப்ட் முடிந்து கிளம்புமுன் கோளாறையும் பார்த்த வேலையையும் எழுதி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். மே மாதத்தோடு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதுகிற அரிப்பு மட்டும் போகவில்லை. மகள் அனுப்பிய டைரி பாதி வருடம் காலியாகக் கிடக்கிறது. இனி நமக்கு மில் இந்த வண்டிதான் என்று முடிவு செய்து இன்று ஆரம்பிக்கிறேன்.

நூறு சிசி வண்டி. மகள் ஆறாம் வகுப்புப் படித்தபோது வாங்கியது. அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒசூரில் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் பஞ்சர் கடைக்காரரைத் தவிர வேறொரு மெக்கானிக் கை இதன் மேல் பட்டதில்லை. ஆயில் மாற்றுவதிலிருந்து செயின் ஸ்பிராக்கெட் மாற்றுவது வரை எல்லாம் வீட்டு முன்னால் சிமென்ட் தரையில் சாக்கு விரித்து நானே செய்வது. "மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டக்கூட இதைத்தானுங்க மொதல்ல சொன்னாரு" என்று கலாமணி ஊரெல்லாம் கேலி செய்கிறாள். கலாமணி என் மனைவி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் பொறுப்பு. ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே டூட்டி அது. அதுவும் போய்விட்டால் நான் திண்டுக்குள் பஞ்சு மாதிரி வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

இன்று ஆடிப்பெருக்கு. கொடிவேரி அணைக்குப் போனோம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். மனிதர்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து, கிளட்சைப் பிடித்துப் பிடித்து, வீடு வந்து சேர்ந்தபோது இடது கை மரத்துப்போயிருந்தது. கேபிளில் துரு ஏறியிருக்கும். நாளைக்கு எண்ணெய் விட வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை: கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய்.

கேபிளைக் கழற்றி, ஒரு முனையில் பிளாஸ்டிக் கவரைப் புனல் மாதிரி கட்டி, பழைய இஞ்சின் ஆயில் ஊற்றி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். மாலைக்குள் கீழ்முனையில் சொட்ட ஆரம்பித்தது. முதலில் கறுப்பாக வந்து பிறகு தெளிந்தது. லீவர் போல்ட்டுக்கும் கிரீஸ் வைத்து மாட்டினேன்.

கலாமணி ஜன்னலுக்குக் கீழே சொட்டிய எண்ணெயைப் பார்த்துவிட்டு, அதில் வழுக்கி நான் விழுந்தால் என் எலும்பையும் நானே ரிப்பேர் செய்துகொள்ள வேண்டும் என்றாள்.

கிளட்ச் கொஞ்சம் தேவலை என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9, சனி

தேவலை இல்லை. நேற்று பள்ளி வாசலில் கியர் போடும்போது இரண்டு தடவை இஞ்சின் அணைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கிளட்ச் முழுதாக விலகவில்லை, பிடித்த பிறகும் வண்டி முன்னால் இழுக்கிறது. கேபிளின் உள்கம்பி நைந்திருக்க வேண்டும்.

யுவராஜ் கடையில் புதுக் கேபிள் வாங்கினேன். யுவராஜ் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் கேட்பதை எடுத்துத் தருமுன் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்வது அவன் வழக்கம். அவனைப் பார்த்து ஒரு முறை முறைப்பது என் வழக்கம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேலை: கிளட்ச் கேபிள் மாற்றம்.

பழைய கேபிளைப் பிரித்துப் பார்த்தேன். உள்கம்பி நைந்திருக்கவில்லை. ஆனாலும் பழசுதானே, மாற்றியதில் தப்பில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் மூன்று தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. இப்போது வருகிற ஸ்பேனர்களை வழவழவென்று செய்துவிடுகிறார்கள், பிடி நிற்பதில்லை. ஆனால் இது பழைய ஸ்பேனர்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. கையில் எண்ணெய் இருந்திருக்கும்.

கோளாறு பார்ப்பதில் என் வழி எப்போதும் ஒன்றுதான். சந்தேகமுள்ள ஒவ்வொன்றையும் சோதித்து ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கோளாறு. அவசரப்பட்டு நடுவில் ஊகிக்கிறவன் மோட்டாரையே எரித்துவிடுவான். எண்ணெய் விட்டாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று, இரண்டும் ஒதுங்கின.

குளித்துவிட்டு வந்தபோது கலாமணி வண்டிப் பக்கத்தில் நின்று ஹேண்டில்பாரை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் வண்டியைத் துடைத்து நான் பார்த்ததில்லை. என்ன அதிசயம் என்று கேட்டேன். "சும்மா தானுங்க, தூசியா இருந்துச்சு" என்றாள். முகம் என்னவோ போலிருந்தது. வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் பேப்பர் கடைக்குக் கிளம்பினேன். "நானும் வர்றனுங்க" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். பேப்பர் கடையில் அவளுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. கடைக்கு வெளியே நின்றுவிட்டு என்னோடு திரும்பினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொண்டுவந்தாள். வரும் வழியில் ஜவுளிக்கடையில் நிறுத்தச் சொல்லி எனக்கு மூன்று டீ-சர்ட் எடுத்தாள். கழுத்து வழியாக மாட்டிக்கொள்கிற ரகம், ஒரு பொத்தான்கூடக் கிடையாது. நான் சட்டை போடுகிற ஆள் என்று அவளுக்குத் தெரியும். காலையில் பொத்தான் போட நேரமாகிறது என்று நான் அலுத்துக்கொண்டதை மனதில் வைத்து எடுத்திருக்கிறாள் போல. அறுபது வயதில் மஞ்சள் டீ-சர்ட். கண்ணாடியில் பார்த்தால் கபடி அணிக்கு மேனேஜர் மாதிரி இருக்கிறேன்.

சௌகரியமாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காய்கறிச் சந்தைக்கு, ரேஷன் கடைக்கு, காற்று அடிக்க பெட்ரோல் பங்குக்கு, எங்கே கிளம்பினாலும் அவளும் வருகிறாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒட்டிக்கொண்டதில்லை. வண்டி அவ்வளவு நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். "ஆமாங்க, மெத்து மெத்துன்னு போகுது" என்றாள். கேபிள் மாற்றியது வீண் போகவில்லை. பேச்சுக்கு அப்படி எழுதினாலும், காலை நேரத்தில் கிளட்ச் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தேவலை. கேபிளில் ஈரம் இறங்குகிறதோ என்னவோ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கலாமணிக்கு முழங்கால் வலியாம். டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஐந்து நிமிடத்தில் அவள் முழங்காலைப் பார்த்து முடித்துவிட்டார். நாங்கள் எழுந்திருக்கும்போது, "இவரையும் ஒருக்காப் பாத்துருங்க டாக்டர். காலைல கை மரத்துப்போகுதுங்கறாரு" என்றாள். நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பின்னால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி பிரஷர் மட்டும் பார்க்கச் சொன்னேன். பிரஷர் சரியாக இருந்தது. டாக்டர் பாராட்டினார்.

முழங்கால் வலி என்று வந்தவள் மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு இறங்கினாள்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்குத் தேங்காய் துருவுவது வருடா வருடம் என் வேலை. மூடி கையிலிருந்து இரண்டு தடவை உருண்டு ஓடியது. தேங்காய் ஈரமாக இருந்தது. கலாமணி வாங்கி மிச்சத்தைத் துருவினாள்.

பிறகு காபியை என் வலது பக்கம் வைத்தாள். கொஞ்ச நாளாகவே வலது பக்கம்தான் வைக்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலை: கேபிளை இழுத்து வைத்தேன்.

லீவரில் கொஞ்சம் லூஸ் விட வேண்டும் என்பது கணக்கு. அந்த லூஸை முழுதாக எடுத்துவிட்டேன். இப்போது பாதி பிடித்தாலே கிளட்ச் விலகிவிடுகிறது. கைக்கு வேலை குறைவு. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

அவசரப்பட்டது தப்பு. இப்போது வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. கேபிளை இழுத்துக் கட்டியதால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது, தேய்ந்தும் இருக்கும். கலாமணி இறங்கி நடந்து ஏறினாள். பாலத்து முனையில் நின்று எனக்காகக் காத்திருந்தவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் வாங்கிவிட்டேன். யுவராஜ் பார்ட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டிய ஒரு ரவுண்டு நா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றான். வேண்டாம் என்றேன். என் வண்டியை இன்னொருவன் ஓட்டிப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வேலை: கிளட்ச் பிளேட் மாற்றம். பெரிய வேலை.

காலையில் ஆயிலை வடித்துவிட்டு, கிக்கரையும் ஃபுட்ரெஸ்ட்டையும் கழற்றி, வலது பக்க மூடியைத் திறந்தேன். மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வைப்பேன். கலாமணி அட்டையைப் பிடித்துக்கொண்டு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். இன்று சமையலைக்கூட ஒதுக்கிவிட்டு என்னோடு உட்கார்ந்துவிட்டாள்.

புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறப்போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினோம். ஸ்பிரிங் போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மூடியை ஒரு கையால் தாங்கி மறு கையால் இறுக்குவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. அவளே ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். எத்தனை இறுக்கம் என்று கேட்டாள். ஊறுகாய் பாட்டில் மூடி அளவு என்றேன். சரியாக அந்த அளவு இறுக்கினாள். நல்ல கை. மில்லில் இப்படி ஒரு ஆள் கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

பழைய பிளேட்டுகளை அளந்து பார்த்தேன். தேய்மானம் இருந்தது, ஆனால் மாற்றுகிற அளவுக்கு இல்லை. கேபிளில் மறுபடி முறைப்படி லூஸ் விட்டாயிற்று. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தம் கேட்க இனிமையாக இருந்தது. ஏற்றத்தில் நழுவவில்லை.

கிளட்ச் மட்டும் கனம். புது ஸ்பிரிங் என்றால் அப்படித்தான் இருக்கும். பழகினால் தளரும்.

செப்டம்பர் 11, வியாழன்

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். மில்லில் அப்படி விட்டதில்லை, அதனால் எழுதுகிறேன்.

காலையில் வாய்க்கால் பாலம். ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே மினிபஸ் வந்ததால் ஏற்றத்தில் நிறுத்தி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நின்றேன். பஸ் மெதுவாக வந்தது. என் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பது எனக்குத் தெரிந்தது. நான் விடவில்லை. அதுவாக விட்டது. வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி, கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று அணைந்தது. பின்னால் கலாமணி இரண்டு காலையும் ஊன்றி வண்டியோடு என்னையும் பிடித்துக்கொண்டாள். கீழே வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

பஸ் டிரைவர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். கலாமணி திட்டவில்லை. இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, என் தோளைத் தொட்டு, போலாமா என்றாள். மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பிளேட்டுகளுக்கு நடுவில் ஏதோ ஒட்டுகிறது. வேறொன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மினிபஸ்ஸில் போகச் சொன்னேன். கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்துதான் வந்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூடியை மறுபடி திறந்தேன். பிளேட்டுகள் ஒட்டவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. இஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கிற ஆர்ம் தடையில்லாமல் திரும்புகிறது. கேபிள் வளையும் இடங்களில் மடங்கவில்லை. லீவர் நேராக இருக்கிறது. எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, எல்லாம் ஒதுங்கிவிட்டன. மூடியை மாட்டி ஆயில் ஊற்றினேன்.

பிறகு வண்டிக்கு முன்னால் நின்று ஹெட்லைட்டைத் துடைத்தேன். துடைத்து முடித்து, எந்த நினைப்பும் இல்லாமல், எட்டி கிளட்சைப் பிடித்தேன். வண்டிக்கு எதிரே நின்றால் அதன் இடது பக்கம் நமக்கு வலது பக்கம். வலது கை.

லீவர் இரண்டு விரலுக்கு வந்துவிட்டது.

மறுபடி பிடித்தேன். வந்தது. சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். சுற்றிப் போய் வண்டியில் உட்கார்ந்து இடது கையால் பிடித்தேன். பாதி வந்து நின்றது. பல்லைக் கடித்துப் பிடித்தேன். பாதிதான். இறங்கி மறுபடி முன்னால் போய் வலது கை, ஏறி உட்கார்ந்து இடது கை. எத்தனை தடவை செய்தேன் என்று தெரியவில்லை. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒதுக்க வேண்டியதையெல்லாம் ஒதுக்கியாயிற்று. மிஞ்சியிருப்பதை எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் மினிபஸ்ஸில் போனாள். வண்டியைத் தொடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் அவள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். வண்டி சரிப்பட்டு வராது போலிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு நீ பஸ்ஸிலேயே போ என்று. வண்டி என்றுதான் சொன்னேன். அப்போதும் கை என்று வாயில் வரவில்லை.

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. கேபிள் மாத்துனீங்களே, அன்னைக்கு நீங்க குளிக்கப் போனப்ப நா புடிச்சுப் பாத்தனுங்க. எனக்கு ரெண்டு வெரலுக்கு வந்துருச்சு."

துணி, துடைத்தது, முகம் எல்லாம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. டீ-சர்ட்டும் வலது பக்கம் வைத்த காபியும்கூட. டாக்டரிடம் போன முழங்காலும். ஒரு மாதமாக எனக்கு முன்னால் விரித்து வைத்திருந்த எதையும் நான் பார்க்கவில்லை. கோளாறு பார்ப்பதில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எனக்குக் கோபம் வந்தது. அவமானத்துக்குக் கோபம்தான் முதலில் வரும் போலிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டாக்டர் முன்னாலேயே சொன்னேனே, காதில் வாங்கினீர்களா என்றாள். நியாயம்தான். வாய்க்கால் பாலம் நினைவுக்கு வந்தது.

"தெரிஞ்சுட்டே எதுக்குப் பின்னால ஏறுன? சுவரைத் தாண்டியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போமில்ல?"

அவள் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நா வேண்டாம்னா நீங்க ஓட்டாம இருந்திருப்பீங்களா? தனியாப் போயிருப்பீங்க. நா பின்னால இருந்தா மெதுவாத்தானுங்க ஓட்டுவீங்க. அதுக்குத்தேன்."

பேப்பர் கடைக்கும் ரேஷன் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதுகிறேன். அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு பேரும் நடந்து போனோம்.

செப்டம்பர் 20, சனி

ஈரோட்டில் நரம்பு டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். தன் இரண்டு விரலை நீட்டி என் இடது கையால் அழுத்தச் சொன்னார்.

"அழுத்துங்க."

அழுத்தினேன்.

"இன்னும் அழுத்துங்க."

"அழுத்திட்டுத்தானுங்க இருக்கறேன்."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் கைக்குப் போகிற நரம்பு நசுங்குகிறதாம். எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். கையில் தப்பில்லை, மேலிருந்து வருகிற ஒயர் நசுங்கியிருக்கிறது. கோளாறு ஓரிடம், தெரிவது வேறிடம். மில்லில் எத்தனை பேனல்களில் பார்த்திருக்கிறேன். என் உடம்பில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

மாத்திரை, கழுத்துக்குப் பட்டை, தினமும் பயிற்சி. கொஞ்ச மாதம் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்வார்கள். பலம் திரும்புமா என்று கேட்டேன். திரும்பலாம், முழுதாகத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டவே கூடாது. ஒரு மாதம் முன்பே வந்திருக்கலாமே என்று அவர் சொன்னபோது கலாமணி ஸ்கேன் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தாள். பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். தனக்கும்தான் என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கொய்யாப்பழம் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 24, புதன்

காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு நடந்து திரும்புகிறேன். டூட்டி மாறவில்லை, வாகனம்தான் மாறியிருக்கிறது என்று யுவராஜிடம் சொன்னேன். சிரித்தான். வண்டியை விற்பதாக இருந்தால் தன்னிடம் சொல்லச் சொன்னான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆயுத பூஜைக்காக வண்டியைக் கழுவினேன். செயினுக்கு எண்ணெய். ஏர் ஃபில்டர் துடைத்தேன். கலாமணிக்குக் காலாண்டு லீவு, ஸ்போக்குகளை அவள் துடைத்தாள். கழுத்துப் பட்டையோடு குனிய முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பிறகு நான் சொல்லாமலேயே செய்தாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்து, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பொரி, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் வழக்கம்போல. தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் வண்டிகள் குளித்து நின்றன. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து அதன் மேல் ஏற்றி நசுக்கினால்தான் பூஜை முடிந்த மாதிரி. வருடா வருடம் நான் ஏற்றுவேன், கலாமணி கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நிற்பாள்.

இந்த வருடம் இஞ்சினை அணைத்தே தள்ளி ஏற்றிவிடலாம் என்று மனதைத் தயார் செய்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஸ்டாண்டை எடுத்துத் தள்ளப் போனேன். கலாமணி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"தள்ள வேண்டாமுங்க. ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். ஓட்டத்தானே வேண்டாம் என்றார், நாலடி நகர்த்த வேண்டாம் என்றா சொன்னார் என்றாள். ஏறி உட்கார்ந்து உதைத்தேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. என் வண்டி அப்படித்தான்.

அவள் என் இடது பக்கம் வந்து நின்றாள். கிளட்சின் மேல் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தாள். தெருவே பார்க்க, கல்யாணத்தில் கை பிடித்த மாதிரி. நான் கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. இரண்டு கையும் சேர்ந்து அழுத்தியது. என் விரல்களுக்குக் கீழே லீவர் முழுசாக, கடைசிவரைக்கும், உள்ளே போனது. எத்தனை நாள் கழித்து.

முதல் கியரைத் தட்டினேன்.

"மெதுவா விடு" என்றேன்.

"விடறனுங்க" என்றாள்.

வலது கையால் நான் கொஞ்சம் முறுக்க, அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட, வண்டி ஒரு துள்ளல்கூட இல்லாமல் நகர்ந்தது. அவள் பக்கத்திலேயே நடந்து வந்தாள். முன்சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின்சக்கரத்துப் பழமும் நசுங்கியது. வாசல் முழுக்க எலுமிச்சை வாசம்.

மறுபடி சேர்ந்து பிடித்தோம், நியூட்ரல் போட்டேன். அணைத்த பிறகும் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

கோளாறு: கிளட்சில் ஒன்றுமில்லை. இறுக்கமும் இல்லை.